மூன்றாவது நீலம்

மண்டபத்தில் ஏற்கெனவே இரண்டு நீலம் உண்டு.
வடகடலுக்கு ஒன்று, கொஞ்சம் கலங்கல்.
தென்கடலுக்கு ஒன்று, அடியில் பாசி தெரிகிற மாதிரி.
டோக்கன் ஆபீஸ் திரையில் வந்து நின்றது
இரண்டிலும் சேராத நீலம்.
மேலே ஒரு சோகமுகம்:
ஒரு முக்காற்புள்ளி, ஒரு அடைப்புக்குறி.
தனக்குச் சிக்கல் என்கிறது அது.
சிக்கல்பட்டவர்கள் வெளியே நிற்கிறார்கள்,
நூற்றுப் பதினேழு விசைப்படகுக்காரர்கள்,
ஐஸ் ஏற்றியாகிவிட்டது.

நாலேகாலுக்கு போன்.
பூவலிங்கம் சொன்னது இவ்வளவுதான்:
"ஹாஜரா, பொட்டி மறுபடி மூழ்கிருச்சு."

பதினோரு நிமிடம் ஓடும். நீலமாகும்.
தானே எழும். மறுபடி பதினோரு நிமிடம்.
உப்புக்காத்து என்றார் வாட்ச்மேன்.
இங்கே எது கெட்டாலும் உப்புக்காத்துதான்,
சம்பந்தம் முறிந்தால்கூட.
ரேமைக் கழற்றி, ரப்பரால் பல் துலக்கி மாட்டினேன்.
பதினொன்று. நீலம்.
விசிறிக்குள் ஒரு பல்லிமுட்டை ஓடு. எடுத்தேன்.
பதினொன்று.
நீலம்.

"அதுக்குள்ள எத்தனை டோக்கன் அடிக்கலாம்?"
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டான் சேசடிமை.
"ஒம்பது."
ஒன்பது பேர் வாங்கிக்கொண்டு போனார்கள்.
பத்தாவது ஆள் சேசடிமை.

அடுத்த முறை மூழ்கியபோது போனில் படம் பிடித்தேன்.
கடைசி வரியில், பொடி எழுத்தில், ஒரு கோப்பின் பெயர்.
சாகும்போது பொட்டி ஒரு பேரைச் சொல்லிவிட்டுத்தான் சாகிறது.
நாம் சோகமுகத்தையே பார்த்திருந்துவிட்டு
கீழே வாசிப்பதில்லை.

அந்தப் பேருக்குரியவர் பழைய ஆன்டிவைரஸ்.
பங்குனியோடு லைசென்ஸ் முடிந்தவர்.
போன வாரம் ராம்நாட்டிலிருந்து வந்த டீலர் பையன்
அதன் மேலேயே புதிதை ஏற்றி, பில்லில் சீல் குத்தி,
மூன்றரை பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.
போகலாம் என்று பழையவரிடம் யாரும் சொல்லவில்லை.
சம்பளம் இல்லாமல் அவரும் டூட்டியில் இருக்கிறார்.
திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் ஒருவர் பிடிக்க,
பிடித்த கையை மற்றவர் பிடிக்க,
அஸ்திவாரத்தில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாத ஆழத்தில்.

வேலி பயிரை மேயவில்லை.
ஒரே குழியில் இரண்டு கால் ஊன்றிவிட்டார்கள்,
மண் வெடித்துவிட்டது.

இதைச் சொன்னதும் சேசடிமை சிரித்தான்.
"கரையில ஒருத்தன் கார்டு கேப்பான்.
அரை மைல் போனா இன்னொருத்தன் அதே கார்டைக் கேப்பான்.
ரெண்டு பேரும் ஒண்ணாக் கேட்டா
நாங்களும் இப்படித்தான் நிப்போம்.
என்ன, நீலமா ஆக மாட்டோம்."

சேஃப் மோடில் எழுப்பினேன்.
காவலர் யாரும் நுழையாத வாசல் அது.
கறுத்த திரை, மூலைக்கு மூலை அதன் பேர்,
எழுத்தெல்லாம் கண்ணாடி தொலைத்தவருக்குப் போல் பெரிது.
பழையவரை வேரோடு எடுக்க ஒரு சின்ன நிரல் வேண்டும்.
போனில் நெட்டைத் திறந்தால்
இலங்கைக்கு வரவேற்கிறோம் என்கிறது.
டவர் தேடி ஐஸ் பிளான்ட் சுவர் வரைக்கும் நடந்தேன்,
தலைமன்னாருக்கு முதுகு காட்டி நின்றேன்,
இறங்கியது.

பதினொன்று.
பன்னிரண்டு.
பூவலிங்கம் நிமிரவே இல்லை, அடித்துக்கொண்டிருந்தார்.
புதியவரையும் கொஞ்சம் வெளியே நிறுத்தியிருந்தேன்.
நாற்பது டோக்கன் காவலே இல்லாமல் வந்தன.
இத்தனை வேகமாக அந்தப் பொட்டி ஓடி நான் பார்த்ததில்லை.
அப்படியே விட்டுவிடலாமா என்று தோன்றியதை
பில்லில் எழுதவில்லை.
ஒருவரை உள்ளே விட்டேன். ஒருவரை மட்டும்.

எல்லாம் முடிந்தபிறகு ஒரு ஜன்னல் திறந்தது.
போன பழையவர் கேட்கிறார்:
எங்களை ஏன் நீக்கினீர்கள்?
விலை அதிகம். வேகம் குறைவு. மற்றவை.
மற்றவையைத் தொட்டேன்.
ஒரு வெள்ளைக் கட்டம், துடிக்கும் ஒரு கோடு.
வெளியே சேசடிமையின் இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு
பிடித்துக்கொண்டது.
கோடு இன்னும் துடிக்கிறது.
பூவலிங்கம், டீ சொன்னீங்களா இல்லையா?